ராமநாதபுரம் கடற்கரையில் மாற்றுப் பயிர்: மழையும் உப்பும் போடும் கணக்கு

மழை ஏமாற்றிய ஆண்டுகளில் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வரும் செய்திக்கு ஒரே முகம்தான். புழுதியில் விதைத்த நெல் கருகிவிட்டது, விவசாயிகள் மாற்றுப் பயிருக்கு மாற வேண்டும் என்று அறிவுரை. மறு ஆண்டு போய்ப் பார்த்தால் அதே வயலில் நெல்தான் நிற்கும். வெளியிலிருந்து படிப்பவர்களுக்கு இது பிடிவாதமாகத் தெரிகிறது. அப்புறம் சிறுதானிய இயக்கம், இயற்கை வேளாண்மை, கடல்பாசிப் பூங்கா, பனை மேம்பாடு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அறிவிப்புகள் வரும்போது எது எதற்கு மாற்று என்பதே குழம்பிப்போகிறது.

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி வழியாக வாலிநோக்கம், சாயல்குடி வரை நீளும் இந்தக் கரையில் 'எந்தப் பயிர்' என்பது இரண்டாவது கேள்வி. எந்த மாதத்தில் வேர்மண்ணில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்துகொண்டால் அறிவிப்புகளில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று வாசகரே பிரித்துப் பார்க்கலாம்.

## முதலில் சொற்கள்

1. மாற்றுப் பயிர்: வழக்கமாகப் போடும் பயிருக்குப் பதிலாக வேறொன்று. நெல்லுக்குப் பதில் சிறுதானியமான குதிரைவாலி என்பது போல.

2. பயிர் முறை: ஒரே நிலத்தில் ஆண்டு முழுவதும் எது, எதற்குப் பின், எதனோடு சேர்ந்து என்ற ஏற்பாடு. நெல் அறுத்த ஈரத்தில் பருத்தி, நெல்லுக்கு ஊடே பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு, கோடையில் ஆட்டுக்கிடை ஆகிய எல்லாம் இதில் அடக்கம்.

3. இயற்கை வேளாண்மை: ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் செய்வது. தமிழ்நாடு அரசு 2023இல் இதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. என்ன இடுகிறோம் என்பதைப் பற்றிய முறை இது. எந்தப் பயிரை எப்போது விதைப்பது என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை.

4. நிலைத்த வேளாண்மை: இன்று விளைவதால் நாளை நிலமும் நீரும் கெட்டுப்போகாமல் இருப்பது. மேலே சொன்ன மூன்றையும் அளந்து பார்க்க வேண்டிய கோல் இது.

செய்திகளில் முதலாவதும் நான்காவதும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு பயிர் மாற்றாக இருக்கலாம், அதே சமயம் நிலத்தைக் கெடுப்பதாகவும் இருக்கலாம். கடற்கரையில் இதற்கு எடுத்துக்காட்டு நிறைய உண்டு.

## மழை இறக்குகிறது, வெயில் ஏற்றுகிறது

மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மீதி ஒன்பது மாதத்தில் இருப்பது கோடை மழை, சிதறல் மழை, அப்புறம் காற்றும் வெயிலும்தான். வைகை இந்த மாவட்டத்துக்கு வரும்போது மிச்சமாகத்தான் வருகிறது. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் கலந்து, நிறைந்தால் கடலுக்குப் போகிறது.

மழைக்காலத்தில் மண்ணின் மேல்பரப்பில் இருக்கும் உப்பு கரைந்து கீழே போகிறது. ஓர் அடி ஆழ மண்ணைக் கழுவ ஏறத்தாழ ஓர் அடி தண்ணீர் அதன் வழியாக இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் அதில் இருந்த உப்பில் பெரும்பகுதி வேர்மட்டத்தை விட்டுப் போய்விடும். இங்கே முக்கியமான சொல் 'இறங்க வேண்டும்' என்பது. வரப்பு உடைந்து மேலோடு வழிந்தோடும் தண்ணீர் எதையும் கழுவாது. ஐப்பசி அடைமழைக்கு முன் வரப்பைக் கட்டி, நீரை வயலிலேயே நிறுத்துவதுதான் கடற்கரை வேளாண்மையின் முதல் வேலை. செலவும் அதிகமில்லை.

மழை நின்ற பிறகு இயக்கம் திரும்புகிறது. கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் ஐந்தாறு அடியிலேயே இருக்கிறது, அதுவும் உப்பாக இருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மண்ணின் நுண்துளைகள் அந்த நீரை மேலே இழுக்கின்றன. மேலே வந்த நீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். மாசி, பங்குனியில் உப்பூர், திருப்பாலைக்குடிப் பக்கம் தரிசாகக் கிடக்கும் தாழ்ந்த வயல்களில் உப்புப் பூத்திருப்பதைப் பார்க்கலாம். வரப்பின் உச்சியிலும் மண்கட்டிகளின் முனையிலும் முதலில் வெள்ளை தட்டும், பள்ளத்தில் கடைசியாக வரும். தண்ணீர் எந்தப் புள்ளியில் அதிகம் ஆவியாகிறதோ அங்கேதான் உப்பு சேரும் என்பதற்கு இது கண்கண்ட சான்று.

மிளகாய்க்குப் பார் பிடித்து, அதாவது மண்ணை வரிசை வரிசையாக மேடாக அணைத்து, தண்ணீர் பாய்ச்சும்போதும் இதுவே நடக்கிறது. பாரின் உச்சியில் உப்பு குவியும். உச்சியில் நட்ட நாற்று நுனி கருகி நிற்கும்போது, பாரின் பக்கச் சரிவில் நட்ட நாற்று தப்பிவிடும். மண்ணும் விதையும் தண்ணீரும் ஒன்றுதான், நட்ட இடம் நான்கு விரற்கடை தள்ளியிருக்கிறது, அவ்வளவே.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது. வெயில்காலத்தில் நிலத்தை மொட்டையாகப் போடுவதுதான் உப்பை ஏற்றும் முதல் காரணம். பயிரோ, மூடாக்கோ, உழுது விட்ட புழுதி அடுக்கோ, ஏதாவது ஒன்று மேலே இருந்தால் ஆவியாதல் குறையும், உப்பு ஏறுவதும் குறையும். ஆகவே இந்தக் கரையில் நல்ல பயிர் முறை என்றால், மழையில் கழுவி, கோடையில் மூடி வைக்கும் முறை.

## உவர் வேறு, களர் வேறு

'உப்பு நிலம்' என்று பொதுவாகச் சொன்னாலும் சிக்கல் இரண்டு வகை. மருந்தும் இரண்டு வகை.

உவர் நிலம் என்பது கரையும் உப்புகள் மிகுந்த நிலம். நீரில் உப்பு கூடக்கூட அதன் மின்கடத்துதிறனும் கூடும். மண்ணைக் குழம்பாக்கி வடித்த நீரில் அது மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் உவர் என்று வகைப்படுத்துகிறார்கள். வெள்ளையாகப் பூக்கும், மண் பொலபொலவென்று இருக்கும். இதற்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும்.

களர் நிலம் என்பது மண்துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலம். கார அமில நிலை 8.5க்கு மேல் இருக்கும். மழை பெய்தால் சேறாகித் தண்ணீர் இறங்காமல் நிற்கும், காய்ந்தால் பாறையாக இறுகும். இதற்கு ஜிப்சம் வேண்டும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும், பின்பு தண்ணீர் கட்டி அதை வடித்துவிட வேண்டும்.

உவர் நிலத்தில் ஜிப்சம் கொட்டினால் காசுதான் கரையும். களர் நிலத்தில் ஜிப்சம் இல்லாமல் தண்ணீர் கட்டினால் அது இறங்கவே இறங்காது. இரண்டும் கலந்த நிலமும் உண்டு. எனவே மண் பரிசோதனை இல்லாமல் மாற்றுப் பயிர் பேசுவது இருட்டில் கல்லெறிவதுதான். ராமநாதபுரத்திலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மண்ணும் நீரும் இரண்டையும் கொண்டுபோய்ப் பார்த்துவிட வேண்டும். மண்ணை மட்டும் பார்த்து நீரை விட்டுவிடுவது பலரும் செய்வது.

பரிசோதனை அட்டையைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. நம் மண் ஆய்வுக்கூடங்களில் பொதுவாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு அல்லது இரண்டரைப் பங்கு நீர் கலந்துதான் மின்கடத்துதிறனை அளக்கிறார்கள். அதில் உப்பு நீர்த்துப்போவதால் எண் சிறியதாக வரும். மேலே சொன்ன 4 என்ற எல்லையோடு அந்த எண்ணை நேராக ஒப்பிடக் கூடாது. அட்டையில் 1.5 என்று பார்த்துவிட்டு 'நாலுக்குள்தானே இருக்கிறது' என்று நிம்மதியானால் ஏமாற்றம்தான்.

## எந்தப் பயிர் எவ்வளவு தாங்கும்

பயிர்களின் உப்புத் தாங்கும் அளவு உலகளவில் அட்டவணையாக இருக்கிறது. ஒவ்வொரு பயிருக்கும் ஓர் எல்லை உண்டு. அதுவரை விளைச்சல் குறையாது, அதைத் தாண்டினால் ஒவ்வொரு அலகுக்கும் இத்தனை சதவீதம் என்று சரியும். எண்கள் எல்லாம் வேர்மண்ணின் குழம்பில் வடித்த நீரின் மின்கடத்துதிறன், அதே டெசிசீமன்ஸ் அலகில்:

1. மிளகாய் இனம்: எல்லை 1.5. அதற்கு மேல் அலகுக்கு ஏறத்தாழ 14 சதவீதம் குறையும்.
2. நெல்: எல்லை 3. அலகுக்கு 12 சதவீதம்.
3. நிலக்கடலை: எல்லை 3.2. ஆனால் அலகுக்கு 29 சதவீதம், மளமளவென்று சரியும்.
4. தட்டைப்பயறு: எல்லை 4.9. அலகுக்கு 12 சதவீதம்.
5. சோளம்: எல்லை 6.8. அலகுக்கு 16 சதவீதம்.
6. பருத்தி: எல்லை 7.7. அலகுக்கு 5 சதவீதம் மட்டுமே.

மண்ணில் 5 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெல்லில் முக்கால் பங்கு கிடைக்கும். மிளகாயிலும் கடலையிலும் ஏறத்தாழ பாதி. பருத்தியும் சோளமும் குறையில்லாமல் விளையும். அதனால்தான் நெல் தரிசில் உளுந்து தோற்கும் தாழ்ந்த வயலில் தட்டைப்பயறு பிழைக்கிறது, பருத்தி செழிக்கிறது.

சரி, மிளகாய்க்கு எல்லை 1.5 என்றால் ராமநாதபுரம் முண்டு மிளகாய் எப்படி இந்த மாவட்டத்தின் பெயரோடு 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது? முதல் காரணம், முண்டு பெரிதும் விளைவது கடலை ஒட்டிய உவரில் இல்லை. கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி, ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரங்களின் கரிசலிலும் களிப்பாங்கான மண்ணிலும்தான். இரண்டாவது காரணம் நாட்காட்டி. பயிர்கள் உப்புக்கு அதிகம் அஞ்சுவது முளைக்கும்போதும் இளநாற்றாக இருக்கும்போதும்தான். முண்டு முளைப்பதும் வேர்பிடிப்பதும் மழை மண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும் ஐப்பசி, கார்த்திகையில். உப்பு திரும்பி ஏறும் மாசியில் செடி வேரை ஆழமாக ஓட்டிவிட்டுக் காய்த்துக்கொண்டிருக்கிறது. அதே விதையைத் தை மாதம் போட்டுக் கிணற்று நீர் பாய்ச்சிப் பார்த்தால் அட்டவணை தன் வேலையைக் காட்டிவிடும். நம் முன்னோர் அலகும் சதவீதமும் இல்லாமல் பட்டத்தை, அதாவது விதைக்கும் பருவத்தை வைத்தே இந்தக் கணக்கைத் தீர்த்திருக்கிறார்கள். அந்த அறிவுக்குத் தலைவணங்கத்தான் வேண்டும்.

## கிணற்றை நம்பினால் என்ன ஆகும்

மாற்றுப் பயிர் என்றதும் பலர் நினைப்பது ஆழ்குழாய்க் கிணறு, சொட்டுநீர், தென்னை, காய்கறி. உள்நாட்டில் இது சரியாக இருக்கலாம். கடலோரத்தில் இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்க்காமல் இறங்கக் கூடாது.

முதல் கணக்கு, பாய்ச்சலோடு வரும் உப்பு. மின்கடத்துதிறன் 2 காட்டும் நீர், குடிக்கும்போது கரிக்கும் என்றாலும் பயிருக்குப் பரவாயில்லை என்று பலரும் நினைக்கும் நீர். அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் உப்பு இருக்கும். ஓர் ஏக்கருக்கு இரண்டு அங்குலம் பாய்ச்ச இரண்டு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். அதாவது ஒரு பாய்ச்சலில் 260 கிலோ உப்பு. ஐந்து பாய்ச்சலில் 1,300 கிலோ, ஐம்பது கிலோ மூட்டையில் இருபத்தாறு மூட்டை. தண்ணீரைப் பயிர் குடித்துவிடும், உப்பு மண்ணில் தங்கிவிடும். அடுத்த மழை அதைக் கழுவவில்லை என்றால் அடுத்த ஆண்டுக் கணக்கில் அது கூடும்.

இரண்டாவது கணக்கு, அடியில் நகரும் கடல். கடலோர மணலில் மழைநீர், கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் இரண்டரை சதவீதம் கனமானது. இந்தச் சிறிய வேறுபாட்டால், நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால் கீழே சுமார் நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். திருப்பிச் சொன்னால், இறைத்து இறைத்து மேலே ஓர் அடி குறைத்தால், கீழிருந்து உப்புநீர் நாற்பது அடி வரை மேலே வரப் பார்க்கும். ராமேசுவரம் தீவிலும் மண்டபம் கரையிலும் மணலில் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டி அளவாக எடுத்த காலத்தில் நீர் நன்றாக இருந்ததற்கும், மோட்டார் வைத்த பின் கரிக்கத் தொடங்குவதற்கும் பின்னால் இருப்பது இதுதான். ஒருவர் அதிகம் இறைத்தால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் சேர்ந்து கெடும்.

பண்ணைக்குட்டைக்கும் இதே எச்சரிக்கை. உள்நாட்டில் ஆழமாகத் தோண்டினால் அதிக நீர் நிற்கும். கடற்கரையில் ஆழமாகத் தோண்டினால் உப்புநீர் மட்டத்தைத் தொட்டுவிடும், மழைநீர் சேர வேண்டிய குட்டை உவர்க்குட்டை ஆகிவிடும். இங்கே குட்டை அகலமாகவும் ஆழம் குறைந்தும், தோண்டிய மண் உயர்ந்த கரையாகவும் இருக்க வேண்டும்.

## மூன்று வகை நிலம், மூன்று வகை முறை

மாவட்டம் முழுவதற்கும் ஒரே மாற்று கிடையாது. நிலத்தை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது உதவும்.

### 1. கண்மாய்க்குக் கீழான நெல் வயல்கள்

திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம். மாவட்டம் முழுவதும் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் போடுகிறார்கள். பெரும்பகுதி புழுதி விதைப்பு. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணில் விதையைத் தூவி உழுதுவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். முதல் மழையில் முளைத்து, கண்மாய் பெருகியபின் மடைநீரில் முதிரும்.

நெல்லை இங்கிருந்து எடுத்துவிடு என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கார்த்திகையில் முழங்கால் அளவு நீர் நிற்கும் தாழ்ந்த களிமண்ணில் பருத்தியோ சோளமோ அழுகிவிடும். நீர் நிற்பதால்தான் உப்பும் கழுவப்படுகிறது. நெல் இந்த நிலத்தின் எதிரி இல்லை. மாற்ற வேண்டியது அதன் முன்னும் பின்னும் உள்ளதை.

வயதைக் குறைக்கலாம். பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மானாவாரி நெல்லுக்கென்றே வந்த ரகங்கள் உண்டு. 2009இல் வெளிவந்த அண்ணா 4, நூறு முதல் நூற்றைந்து நாளில் முடிந்துவிடும். பாரம்பரிய ரகங்களில் சித்திரைக்கார், குளியடிச்சான் போன்றவை இந்த மண்ணுக்குப் பழகியவை. மார்கழிக்குள் அறுத்துவிட்டால் அடுத்த பயிருக்கு ஈரம் மிஞ்சும்.

நெல்லோடு தக்கைப்பூண்டு விதைப்பது அடுத்தது. வரிசைக்கு வரிசை விதைத்து, ஐந்து வாரம் வளர்ந்தபின் மழைநீர் நிற்கும் சமயத்தில் மிதித்து மண்ணில் அமுக்கிவிடுவது. தக்கைப்பூண்டு உவரையும் களரையும் தாங்கும். மட்கும்போது வரும் அமிலம் களரைத் தளர்த்தும், தழைச்சத்து இலவசம். கடற்கரை நெல்லுக்கு இதைவிடக் குறைந்த செலவில் ஒரு மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. பசுந்தாள் உர விதைக்கு அரசு மானியமும் இருக்கிறது. விதை ஆடி மாதத்திலேயே கைக்கு வந்தால்தான் பயன், கார்த்திகையில் வந்தால் மூட்டையாக வீட்டில் கிடக்கும்.

அறுவடைக்குப் பின் பருத்தி, தட்டைப்பயறு. உப்பு குறைந்த மேட்டு வயலில் கொத்தமல்லி, உளுந்து. எள்ளைத் தாழ்ந்த உவர் வயலில் போடக் கூடாது. அதற்குத் தேங்கிய நீரும் ஆகாது, உப்பும் ஆகாது.

கோடையில் கிடை. ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு காவிரிப் பாசனப் பகுதி வரை போய் வருகிறவர்கள். ஆடு இரவில் அடையும் வயலில் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கும். அதோடு கண்மாயில் படிந்த வண்டலான கரம்பையும் சேர்ந்தால் உவர் மண்ணுக்கு நீர்பிடிப்பும் உயிரும் வரும். இயற்கை வேளாண்மை என்ற பெயர் வருவதற்கு முன்பே இங்கிருந்த முறை இது.

### 2. கண்மாய் எட்டாத மேட்டு மானாவாரி

கடலாடி, முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் இந்த நிலம் அதிகம். சிறுதானியம் பொருந்தும் இடம் இதுதான். குதிரைவாலிக்கு மூன்று மாதம் போதும். நெல்லுக்கு வேண்டிய நீரில் மூன்றில் ஒரு பங்கு போதும். சில நாள் நீர் தேங்கினாலும் சாகாது, ஓரளவு உவரும் தாங்கும். மழை கூடினாலும் குறைந்தாலும் ஏதாவது தரும் பயிர் இந்த நிலத்துக்கு வரம்தான். இருங்குச் சோளம் தானியத்தோடு தட்டையும், அதாவது தீவனத்துக்கான தாளும் தரும். மாடு, ஆடு வைத்திருப்பவருக்கு வறட்சி ஆண்டில் தானியத்தைவிடத் தட்டைதான் பெரிது.

சீமைக்கருவேலம் மூடிய நிலமும் இங்கேதான் அதிகம். கரிமூட்டம் போட்டு விற்று எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன என்பது உண்மை. அதை வேரோடு எடுத்துவிட்டு நிலத்தை மொட்டையாக விட்டால், முன்பு சொன்னபடி உப்பும் பூக்கும், கருவேலமும் விதையிலிருந்து திரும்ப முளைக்கும். எடுத்த அந்த மழைக்கே ஏதாவது விதைக்க முடிந்தால் மட்டும் எடுப்பது நல்லது.

### 3. கடலை ஒட்டிய மணல்

இங்கே வயல் என்பதைவிடத் தோப்பு என்பதே பொருந்தும். பனை, சவுக்கு, தென்னை. பனைக்கு இணையான மரம் இந்தக் கரைக்கு இல்லை. உப்புக்காற்று, வறட்சி, புயல் மூன்றையும் தாங்கும். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி இன்றும் ஒரு தொழில். பலன் தரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால் பனையை மாற்றுப் பயிராக ஒருவருக்கு இன்று பரிந்துரைப்பது நியாயமில்லை. ஆனால் இருக்கும் மரத்தை வெட்டாமல் காப்பது இன்றே செய்யக்கூடியது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது.

குறைந்த இடத்தில் அதிக வருமானம் தருவது, தங்கச்சிமடமும் அதைச் சுற்றிய ஊர்களும் செய்யும் குண்டுமல்லி நாற்று. மணலில் குச்சியை நட்டு, ஊற்றுநீரைக் கையால் தெளித்து வேர்விட வைத்து, கட்டுக்கட்டாக வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். மணல் தளர்வாக இருப்பதால் வேர் அறாமல் பிடுங்க முடிகிறது. குறை என்று பார்க்கப்படும் மணலைத் தொழிலாக்கிய முறை இது. நீரும் குறைவாகவே போதும். என் பார்வையில் கடற்கரைக்கு ஏற்ற மாற்று என்று சொன்னால் முதலில் காட்ட வேண்டியது இதைத்தான்.

## கடல்பாசி மாற்றுப் பயிரா?

மாவட்டத்தில் வளமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டியபின் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, கப்பாபைகஸ் என்ற பாசியின் துண்டுகளைக் கோத்துக் கடலில் விடுவார்கள். 45 நாளில் அறுவடை. காயவைத்தால் பத்தில் ஒரு பங்கு எடைதான் மிஞ்சும். உணவு, மருந்துத் தொழிலுக்கு வேண்டிய கராஜீனன் இதிலிருந்து கிடைக்கிறது.

இதற்கு நிலமும் நன்னீரும் உரமும் தேவையில்லை. இந்த வகையில் பெரிய சாதகம். ஆனால் நெல் விவசாயிக்கு இது மாற்று ஆகாது. இதைச் செய்கிறவர்கள் கடலோர மீனவக் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற இயற்கைப் பாசிகளைக் கடலில் மூழ்கி எடுத்துவந்தவர்களுக்கு, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் கட்டுப்பாடுகளால் இழந்த வருமானத்துக்கு இது ஓரளவு ஈடு.

வரம்புகளும் உண்டு. வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணை கொந்தளிப்பதால் அந்த மாதங்களில் தெப்பம் போட முடியாது. கடல்நீர் அதிகம் சூடானால் பாசி வெளுத்துச் செத்துவிடும். கப்பாபைகஸ் நம் கடலுக்கு உரியதும் அல்ல. 2000களின் பிற்பகுதியில் குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் இது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆகவே எங்கே வளர்ப்பது என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தாமல் விரிவாக்குவதுதான் முறை.

நிலத்துக்குப் பாசியால் நேரான ஒரு பயன் இருக்கிறது. புதுப் பாசியைப் பிழிந்த சாற்றை நீர்க்கச்செய்து இலைவழி தெளிப்பாக நெல்லுக்கும் மிளகாய்க்கும் பயன்படுத்தலாம். பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கான தொழில்நுட்பத்தை உருவாக்கியது.

இறால் பண்ணை வேறு கதை. பணம் தரும் மாற்றுதான். ஆனால் உப்புநீரை ஏற்றி வயல்வெளி நடுவே தேக்கிவைத்தால், கசிவால் பக்கத்து வயலும் கிணறும் உவராகும். 1996இல் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளைக் கட்டுப்படுத்தித் தீர்ப்பளித்ததற்கும், 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்ததற்கும் பின்னணியில் இந்தச் சிக்கலும் இருந்தது.

## அப்படியானால் ஏன் மாறவில்லை

இவ்வளவும் தெரிந்த பிறகும் நெல் மட்டுமே தொடர்வதற்கு விவசாயியைக் குறை சொல்ல முடியாது. காரணங்கள் வயலுக்கு வெளியே இருக்கின்றன.

1. காப்பீடு. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் ராபி (மழைக்கால இறுதி, பனிக்கால) பருவ உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். பருத்தி போன்ற பணப்பயிருக்கும் மிளகாய் போன்ற தோட்டப்பயிருக்கும் 5 சதவீதம். அதுவும் அந்த ஊருக்கு அறிவிக்கை செய்யப்பட்ட பயிராக இருந்தால் மட்டும். நாலு வருடத்தில் ஒரு வருடம் மழை பொய்க்கும் ஊரில், கருகினாலும் ஏதோ கையில் வரும் என்ற நம்பிக்கையை நெல்தான் தருகிறது.

2. விலை. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையும் கொள்முதல் நிலையமும் இருக்கின்றன. மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு உண்டு. குதிரைவாலி இல்லை. வியாபாரி சொல்வதுதான் விலை.

3. உமி நீக்கும் ஆலை. குதிரைவாலியின் உமி கெட்டியானது, மணி சிறியது. ஊரில் ஆலை இல்லாததால் தானியமாகவே விற்றுவிட்டு, அரிசியாகக் கடையில் பல மடங்கு விலைக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊராட்சி ஒன்றியத்துக்கு ஓர் ஆலை வந்தால் எந்தப் பிரசாரமும் இல்லாமலே பரப்பு கூடும்.

4. அவிழ்த்துவிட்ட மாடு, ஆடு. நெல் அறுத்தபின் தரிசெல்லாம் பொது மேய்ச்சல். ஒருவர் மட்டும் தன் அரை ஏக்கரில் தட்டைப்பயறு போட்டால் காவல் காத்தே மாய வேண்டும். கோடைப் பயிரை ஒரு கண்மாயில் பாசனம் பெறும் ஆயக்கட்டு முழுவதும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் போட முடியும். மேய்ச்சலுக்கு எந்தப் பகுதி, பயிருக்கு எந்தப் பகுதி, கிடை எப்போது என்று ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. எந்தத் திட்ட அறிக்கையிலும் இதற்கு ஒரு வரி ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

5. குத்தகை. வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர் அடுத்த ஆண்டு அதே நிலம் தனக்கு உண்டா என்று தெரியாமல் ஜிப்சமும் கரம்பையும் கொட்ட மாட்டார். மண்ணைத் தேற்ற மூன்று, நான்கு பருவம் ஆகும். அவருக்குக் கையில் இருப்பது ஒரு பருவம்.

இந்த ஐந்தில் முதல் மூன்றும் சென்னையிலும் டெல்லியிலும் தீர வேண்டியவை. நான்காவது ஊரில் தீரும். ஐந்தாவதுக்கு எழுத்துவடிவக் குத்தகைப் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் குத்தகைதாரர் பதிவுச் சட்டம் 1969 முதல் இருக்கிறது, நடைமுறையில் பெயரைப் பதிய நில உரிமையாளர் தயங்குகிறார். மாற்றுப் பயிர் பற்றி அடுத்த அறிவிப்பு வரும்போது, விதை மானியத்துக்கு எவ்வளவு என்பதைப் பார்ப்பதோடு நிற்காமல் அந்தப் பயிருக்கு அந்த வருவாய்க் கிராமத்தில் காப்பீடு உண்டா, பத்து மைலுக்குள் ஆலை உண்டா, விதை ஆடிக்குள் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.